செயின்சாவில் எத்தனை சி.சி. வேண்டும்? விறகு அறுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயின்சா வைத்திருக்கிறேன் என்று தெரிந்தாலே போதும், "எத்தனை சி.சி. வாங்கலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னும் நாலு கேள்வி கிளம்பும். திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது விறகு அறுப்பவர்களுக்கான பக்கம். நாள் முழுக்கப் பெருமரம் சாய்க்கிறவர்களுக்கும், மரத்தைப் பலகையாகக் கிழிக்கிறவர்களுக்கும் கணக்கு வேறு. கீழே வரும் மாடல்களின் எண்கள் தயாரிப்பாளர்களே வெளியிட்டவை. எடை என்று சொல்வதெல்லாம் பெட்ரோல், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின் சேர்க்காத எடை.

மிஷின் மேல 50 சி.சி.னு போட்டிருக்கே, அது என்ன அளவு? டேங்க் அளவா?

டேங்க் அளவு இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் அடியிலிருந்து உச்சி வரை ஏறும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அந்த இடத்தின் கன அளவுதான் சி.சி. ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் எவ்வளவு காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க இடம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது.

கணக்கும் எளிதுதான். சிலிண்டரின் உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, கடைசியாகப் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். விட்டத்தை மெக்கானிக்குகள் போர் என்பார்கள், தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 261 மாடலில் போர் 44.7 மி.மீ., ஸ்ட்ரோக் 32 மி.மீ. ஆக, 4.47 × 4.47 × 0.7854 × 3.2 = 50.2 சி.சி. செயின்சாவில் ஒரே சிலிண்டர்தான் என்பதால் இதோடு கணக்கு முடிந்தது. பழைய அமெரிக்க மிஷின்களில் கன இன்ச்சில் போட்டிருப்பார்கள். ஒரு கன இன்ச் என்பது சுமார் 16.4 சி.சி.

அப்போ சி.சி. கூடினா பவர் கூடும், அவ்வளவுதானே?

பொதுவாகச் சரி, ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் ஏமாறலாம். மேலே சொன்ன எம்.எஸ். 261-க்கும் எம்.எஸ். 271-க்கும் சி.சி. ஒன்றேதான், 50.2. ஆனால் 261 தருவது 3.0 கிலோவாட், 271 தருவது 2.6 கிலோவாட். எடையிலும் 261 சுமார் 4.9 கிலோ, 271 சுமார் 5.6 கிலோ. சி.சி. குறைந்த மிஷினே முந்துவதும் உண்டு. ஹஸ்க்வர்னா 460 ரான்ச்சர் 60.3 சி.சி., தருவது 2.7 கிலோவாட். அதே நிறுவனத்தின் 550 எக்ஸ்பி மார்க் 2 வெறும் 50.1 சி.சி.தான், தருவதோ 3.0 கிலோவாட்.

காரணம், சி.சி. இடத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்த இடம் எவ்வளவு நன்றாக நிரம்புகிறது, எரிந்த புகை எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று தாங்குகிறது என்பதெல்லாம் சிலிண்டரில் உள்ள துளைகளின் வடிவம், கார்புரேட்டர், சைலன்சர், உள்பாகங்களின் எடை ஆகியவற்றைப் பொறுத்தது. தொழில்முறை மாடலுக்குக் கூடுதல் விலை போவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

காலமும் ஒரு காரணம். 1959-இல் ஸ்டில் நிறுவனம் கொண்டுவந்த கான்ட்ரா என்ற மிஷின் 106 சி.சி., 12 கிலோ, 6 குதிரைசக்தி. இன்றைய எம்.எஸ். 462 வெறும் 72.2 சி.சி.தான், எடை 6 கிலோ. சக்தி 4.4 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட அதே 6 குதிரைசக்தி. அதனால் பழைய பெரிய மிஷினின் சி.சி.யையும் புதியதன் சி.சி.யையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது.

என் பைக்கே 100 சி.சி.தான். 50 சி.சி. மிஷின் 4 குதிரைசக்தி தரும்னு சொன்னா நம்புற மாதிரியா இருக்கு?

நம்பலாம். பைக்கில் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். பெட்ரோல் செயின்சாவில் இருப்பது டூ-ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். அதோடு செயின்சா தன் முழு சக்தியைத் தருவது சுமார் 9,500 முதல் 10,000 ஆர்.பி.எம்.-இல். மரத்தில் வைக்காமல் சும்மா ரேஸ் கொடுத்தால் 13,000, 14,000 வரைகூடப் போகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 10,000 ஆர்.பி.எம்.-இல் 3 கிலோவாட் என்றால் அங்கே முறுக்குவிசை 3 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. இந்த மிஷின் பலத்தால் அறுப்பதில்லை, வேகத்தால் அறுக்கிறது. மரத்தின் மேல் போட்டு அமுக்குகிறவர்களுக்கு மிஷின் திணறுவதற்குக் காரணம் இதுதான். வேகம் விழுந்தால் சக்தியும் விழுந்துவிடும்.

ஒரு கடையில எச்.பி. சொல்றாங்க, இன்னொரு கடையில கிலோவாட். எதைப் பார்க்கணும்?

எதுவானாலும் சரி, ஒரே அளவில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு கிலோவாட் சுமார் 1.34 எச்.பி. ஐரோப்பியக் குதிரைசக்தி என்றால் 1.36. இரண்டு மிஷின்களுக்கு நடுவில் தடுமாறும்போது முதலில் கிலோவாட்டைப் பாருங்கள், அடுத்து எடையை, அதற்கப்புறம் சி.சி.யை. கிலோவாட்டே போடாமல் சி.சி.யை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

வீட்டு விறகுக்கு மட்டும்தான். நேரா சொல்லுங்க, எத்தனை சி.சி.?

நேராகச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 55 சி.சி. வரை. 16 அல்லது 18 இன்ச் பார். கையில் பணம் இருந்தால் இந்த அளவிலேயே தொழில்முறை மாடலாக எடுங்கள். 60 சி.சி. சாதாரண மாடலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், காரணம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

கொஞ்சம் விரிவாகச் சொன்னால், கேட்டுக்கொள்ள வேண்டியது "நான் அறுக்கிறதிலேயே பெரிய கட்டை எது" என்று இல்லை, "பத்தில் எட்டு கட்டை எவ்வளவு தடிமன்" என்று. கைத்தடிமனிலிருந்து 15 செ.மீ. வரையான கிளைகள்தான் என்றால் 30 முதல் 35 சி.சி. தாராளம். ஸ்டில் எம்.எஸ். 170 மாதிரி 30 சி.சி. மிஷின் அந்த வேலையைச் சத்தமில்லாமல், அதாவது அலுப்பில்லாமல், செய்து முடிக்கும். 30 செ.மீ. வரை என்றால் 40 முதல் 50. அடிக்கடி 40, 45 செ.மீ. கட்டைகள் வருகின்றன, அதுவும் காய்ந்த கடின மரம் என்றால் 50 முதல் 60. அதற்கும் மேல் தினசரி வேலை இருப்பவர்கள்தான் 70 சி.சி. பக்கம் போக வேண்டும்.

தடிமனுக்கு அடுத்தபடி நேரம். வருஷத்துக்கு நாலைந்து நாள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் சின்ன மிஷின் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வாராவாரம் ஒரு வண்டி விறகு என்றால் ஒரு வெட்டுக்கு ஐந்து விநாடி மிச்சமானாலும் சாயங்காலம் இடுப்பில் தெரியும்.

சி.சி.க்கு எவ்வளவு நீள பார் போடலாம்? கடைக்காரர் 22 இன்ச் பார் சும்மாவே தர்றேங்கிறார்.

சும்மா தந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பொருள் அது. பார் நீளமாக நீளமாக, ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்கள் கூடும், செயினின் எடையும் உராய்வும் கூடும். அத்தனையையும் இழுக்க வேண்டியது அதே இன்ஜின்தான். ஆயில் பம்பும் அந்த நீளத்துக்கு எண்ணெய் அனுப்பியாக வேண்டும். பம்ப் சின்னதாக இருந்தால் பாரின் நுனி காய்ந்து நீலம் பூக்கும்.

30 முதல் 40 சி.சி.-க்கு 12 முதல் 16 இன்ச், 50 சி.சி.-க்கு 16 முதல் 18, 60-க்கு 18 முதல் 20, 70-க்கு 20 முதல் 25. வழக்கமாக நன்றாக ஓடும் வரம்பு இதுதான். இவற்றில் இரண்டு அளவு பொருந்தும் என்றால் குட்டையானதை எடுங்கள். பற்கள் குறைவு என்பதால் அரம் போடும் நேரமும் குறையும், நுனி தெரியாமல் தரையில் இடிப்பதும் குறையும்.

18 இன்ச் பாரை வச்சு 30 இன்ச் அடிமரத்தை அறுக்க முடியுமா?

கீழே கிடக்கும் கட்டையாக இருந்தால் முடியும். ஒரு பக்கத்திலிருந்து பாதிக்கு மேல் அறுத்துவிட்டு, மறுபக்கம் போய் அதே கோட்டில் மீதியை அறுக்க வேண்டும். கோடு பிசகாமல் இருக்கச் சாக்பீஸில் சுற்றிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது வரும் ஒரு பெரிய கட்டைக்காகப் பெரிய மிஷின் வாங்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது வேறு விஷயம். பாரைவிடத் தடித்த மரத்தைச் சாய்க்கத் தனிப் பயிற்சி வேண்டும். எழுத்தில் படித்துவிட்டு இறங்கக் கூடாது.

70 சி.சி. வாங்கிட்டா சின்னது பெரியது எல்லாத்துக்கும் ஆகிடும்ல?

அறுக்க ஆகும், தூக்க ஆகாது. எம்.எஸ். 462 மாதிரி நல்ல 70 சி.சி. மிஷின் 6 கிலோ என்றாலும் பார், செயின், பெட்ரோல், ஆயில் சேர்ந்தால் 8 கிலோவைத் தாண்டும். விறகு வேலையில் மிஷின் மரத்துக்குள் இருக்கும் நேரத்தைவிடக் கையில் தொங்கும் நேரம்தான் அதிகம். கட்டையிலிருந்து கட்டைக்கு நகர வேண்டும், குனிய வேண்டும், கிளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் உற்சாகமாக இருக்கும். அப்புறம் கை சோர்ந்து, பாரின் நுனி எங்கே போகிறது என்ற கவனமும் சோரும். செயின்சாவில் ஆபத்து வரும் நேரம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. சின்னக் கிளையை 70 சி.சி. மிஷினால் அறுத்தால், செயின் அந்தக் கிளையைப் பிடித்து ஆட்டி வீசிவிடும். பிடிப்பில்லாத மெல்லிய கட்டைக்குச் சிறு மிஷினும் நுண்பல் செயினும்தான் சரி.

ஆன்லைன்ல 58 சி.சி., 62 சி.சி.னு ரொம்ப மலிவா வருதே, அது நிஜமா?

சில நிஜம், பல ஸ்டிக்கர். பெயரில் 5800 என்றோ 6200 என்றோ இருப்பது மாடல் எண் மட்டுமாக இருக்கலாம், சி.சி.யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கையேட்டில் போர், ஸ்ட்ரோக் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு 45 மி.மீ. போர், 33 மி.மீ. ஸ்ட்ரோக் என்று எழுதியிருந்தால் முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி 52.5 சி.சி. வரும். உடம்பில் 58 என்று ஒட்டியிருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். அந்த அளவே எங்கும் போடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மலிவு மிஷின் எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் வேலைக்கு ஓடும். ஆனால் செயின் பிரேக்கைக் கையால் தட்டினால் செயின் சட்டென்று நிற்கிறதா, ஐடிலில் செயின் சுற்றாமல் இருக்கிறதா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற மூன்றையும் பார்க்காமல் வாங்காதீர்கள். முதல் இரண்டும் உடம்பைக் காப்பவை.

என்னுது 60 சி.சி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 45 சி.சி. வச்சு என்னைவிட வேகமா அறுக்கிறார். என்ன மாயம்?

அவர் அரம் போடுகிறார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மழுங்கிய செயின் போட்ட 60-ஐக் கூர்மையான செயின் போட்ட 45 சுலபமாகத் தாண்டும். "இன்னும் பெரிய மிஷின் வேண்டும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஓர் உருண்டை அரம்தான்.

இந்தப் பல்லின் கதையே சுவாரசியமானது. பழைய செயின்களில் பல் கை ரம்பத்தின் பல் மாதிரிதான் இருந்தது, மரத்தைச் சுரண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் வளைந்த தாடையால் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்து, அதே மாதிரி இடம் வலமாக மாறி மாறிச் சீவும் செயினை உருவாக்கி 1947-இல் விற்கத் தொடங்கினார். இன்று நம் மிஷினில் ஓடுவது அந்த வம்சம்தான். அதாவது ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி இழைப்புளி. இழைப்புளி மழுங்கினால் எத்தனை பலம் போட்டாலும் சீவல் வராது.

செயின் மழுங்கியதைக் கண்டுபிடிக்க விழும் தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை, மாவாக விழுந்தால் மழுக்கல். வெட்டு ஒரு பக்கமாகவே வளைந்து போனால் ஒரு பக்கப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்பு அரம் போட்டால் போதும். எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கை இழுப்பு. பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடுதான் பல் எவ்வளவு ஆழம் சீவலாம் என்று தீர்மானிக்கிறது. அது பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். வேகம் வேண்டும் என்று அதை அளவுக்கு மீறித் தேய்த்தால் செயின் மரத்தைக் கவ்விக்கொண்டு உதறும்.

செயின்ல 325, 3/8னு ஏதேதோ போட்டிருக்கு. சி.சி.க்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அது செயினின் பிட்ச், இன்ச் கணக்கில். அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளுக்கு இடையே உள்ள மொத்த தூரத்தில் பாதி. பிட்ச் பெரிதானால் பல் பெரிது, இழுக்கச் சக்தியும் அதிகம் வேண்டும். 30, 40 சி.சி. மிஷின்களில் பொதுவாக 3/8 லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த வகை), 50 சி.சி. அளவில் 0.325, 60-க்கு மேல் முழு 3/8, மிகப் பெரியவற்றில் 0.404. இரண்டு வகை 3/8-ம் ஒன்றல்ல, மாற்றிப் போடக் கூடாது. அரத்தின் விட்டமும் இதைப் பொறுத்ததுதான். லோ-புரொஃபைலுக்கு 4.0 மி.மீ., 0.325-க்கு 4.8 மி.மீ., முழு 3/8-க்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ.

பல்லின் வடிவத்திலும் இரண்டு உண்டு. முனை சதுரமாக இருப்பது ஃபுல் சிசல், சுத்தமான மரத்தில் வேகம். முனை உருண்டிருப்பது செமி சிசல், கொஞ்சம் மெதுவு, ஆனால் மண்ணும் தூசியும் ஒட்டிய மரத்தில் கூர்மை நீடிக்கும். விறகுக்கட்டை பெரும்பாலும் தரையில் இழுபட்டு வருவது. அதனால் எனக்குச் செமி சிசல்தான்.

ஸ்ப்ராக்கெட்ல பல் கூட்டினா வேகம் கூடும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

ஸ்ப்ராக்கெட் என்பது செயினை இழுக்கும் பல்சக்கரம். 7 பல் உள்ள 3/8 ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்குச் செயினைச் சுமார் 13 செ.மீ. நகர்த்தும். 10,000 ஆர்.பி.எம்.-இல் அது விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர். 8 பல் போட்டால் செயின் வேகம் 14 சதவீதம் கூடும், இழுக்கும் விசை சுமார் 12 சதவீதம் குறையும். சின்ன விட்டக் கட்டைகளை அறுக்கும் பலமான மிஷினுக்கு அது சரி. 50 சி.சி.-யில் 18 இன்ச் பாரைத் தடித்த மரத்தில் முழுக்க இறக்குகிறவர் செய்தால் மிஷின் திணறும், கிளட்ச் சூடாகும். விறகுக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இன்ஜினுக்கு பெட்ரோல்ல ஆயில் கூட கலக்கணுமா?

வேண்டாம். சி.சி. கூடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், அதோடு ஆயிலும் அதே விகிதத்தில் உள்ளே போய்விடும். நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு இன்றைய மிஷின்களில் வழக்கமான விகிதம் 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சில மலிவு மிஷின்களின் கையேட்டில் 25-க்கு 1 என்று இருக்கும், அது 40 மில்லி. உங்கள் கையேடு சொல்வதே முடிவு.

குறைத்தால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். கூட்டினால் பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் அடைக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழைய கலவையால் ஸ்டார்ட் ஆகாமல் வரும் மிஷின்கள்தான் மெக்கானிக்கிடம் அதிகம்.

50 சி.சி. மிஷின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?

செயின்சா இன்ஜின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தர 400 முதல் 500 கிராம் பெட்ரோல் எரிக்கும். 3 கிலோவாட் மிஷின் முழு ரேஸில் இடைவிடாமல் அறுத்தால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அரை லிட்டர் டேங்க் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். ஆனால் யாரும் இடைவிடாமல் அறுப்பதில்லை என்பதால் நடைமுறையில் அதற்கு இரண்டு மடங்கு நேரம் வரும்.

ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயில் டேங்கும் பெரும்பகுதி காலியாகியிருக்க வேண்டும். ஆயில் அப்படியே இருந்தால் துளை அடைத்திருக்கிறது. உடனே சுத்தம் செய்யுங்கள்.

பேட்டரி செயின்சாவுல "45 சி.சி.க்கு சமம்"னு போடுறாங்களே?

மோட்டாரில் சி.சி. கிடையாது. அந்த வரி விளம்பரத்துக்காக. கிலோவாட் போட்டிருந்தால் அதை ஒப்பிடுங்கள், அப்புறம் பேட்டரியின் வாட்-மணியைப் பாருங்கள். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. சராசரியாக 1.5 கிலோவாட் இழுத்து அறுத்தால் சுமார் 7 நிமிடத் தொடர் வெட்டு. கேட்கக் குறைவாகத் தெரிந்தாலும் கிளை வேலைக்கு அது கணிசம்தான், ஏனென்றால் டிரிகரை விட்டதும் பேட்டரி செலவாவது நின்றுவிடும். வீட்டருகே, அவ்வப்போது, 25 செ.மீ.-க்குள் என்றால் நானே பேட்டரியைப் பரிந்துரைப்பேன். ஒரு வண்டி விறகை ஒரே மூச்சில் அறுக்க வேண்டும் என்றால் பெட்ரோல்தான்.

நாங்க மலைமேல இருக்கோம். அதே மிஷின் கீழே நல்லா ஓடுது, இங்கே சோம்பலா இருக்கு. ஏன்?

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. சிலிண்டரின் இடம் அதேதான், ஆனால் அதை நிரப்பும் காற்றின் நிறை குறைவு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீத சக்தி குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் 50 சி.சி. மிஷின் கிட்டத்தட்ட 40 சி.சி. மாதிரி நடந்துகொள்ளும். பெட்ரோல் அதே அளவு வந்து காற்று குறைவதால் கலவையும் அடர்ந்து புகை கக்கும்.

கார்புரேட்டரை அந்த உயரத்துக்கேற்ப மெக்கானிக்கிடம் சரிசெய்யச் சொல்லுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சக்தி இழப்பு அவற்றிலும் உண்டு. மலைக்கு வாங்குகிறவர்கள் நான் மேலே சொன்னதைவிட ஒரு படி பெரிய சி.சி. எடுப்பதில் தப்பில்லை. கீழே இறங்கும்போது மறுபடி சரிசெய்யாமல் ஓட்டினால் கலவை வறண்டு பிஸ்டன் சீஸ் ஆகும், அதையும் மறக்காதீர்கள்.

பச்சை மரத்துல பறக்குது, காய்ஞ்ச மரத்துல முனகுது. மிஷின்ல கோளாறா?

கோளாறு இல்லை. ஈரம் இருக்கும்போது நார்கள் மெத்தென்று இருக்கும், காய்ந்த கடின மரம் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். முடிந்தால் பச்சையாக இருக்கும்போதே அடுப்பு நீளத்துக்கு அறுத்துப் பிளந்து அடுக்கிவிடுங்கள். மிஷினுக்கும் சுலபம், குட்டைத்துண்டாக இருப்பதால் காய்வதும் வேகம்.

ஸ்டார்ட் ஆகுது, ரேஸும் ஏறுது, ஆனா மரத்துல வச்சதும் நின்னு போகுது. சி.சி. பத்தலையா?

சி.சி.யைக் குறை சொல்வதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். முதலில் செயினின் கூர்மை. அடுத்து ஏர் ஃபில்டர், நுண்தூள் அடைத்தால் இன்ஜின் மூச்சு திணறும். அப்புறம் சைலன்சர் வாயில் இருக்கும் சின்னக் கம்பி வலை, கரி பிடித்தால் புகை வெளியேறாது. பெட்ரோல் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரும் அடைக்கும். செயின் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும் இதே அறிகுறிதான்.

இத்தனையும் சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் மிஷினில் 150 பி.எஸ்.ஐ. சுற்றி இருக்கும். 120-க்குக் கீழே போனால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது.

பழைய பெரிய மிஷின் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். சுவிட்சை அணைத்து வைத்து, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினை மெதுவாகத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு ஒரே இறக்கமாக இறங்கினால் இல்லை. சைலன்சரைக் கழற்றினால் துளை வழியாகப் பிஸ்டன் தெரியும். பக்கவாட்டில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால் அது ஒருமுறையாவது சீஸ் ஆகியிருக்கிறது. கேட்கும் விலையோடு புது சிலிண்டர் செட்டின் விலையைக் கூட்டிப் பாருங்கள். செயின் பிரேக் இல்லாத மிகப் பழைய மிஷின் என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரிய சிலிண்டர் மாத்திப் போட்டு சி.சி. கூட்டலாமாமே?

செட்டாகக் கிடைக்கிறது. போர் 2 மி.மீ. கூடினாலே 50 சி.சி. மிஷின் 54-ஐத் தாண்டும், கணக்கு முதல் பதிலில் இருக்கிறது. ஆனால் இரண்டாவது பதிலில் சொன்ன துளை வடிவம் கம்பெனி சிலிண்டர் அளவுக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி. சி.சி. கூடியும் சக்தி கூடாத செட்கள் உண்டு. கார்புரேட்டரை மறுபடி சரிசெய்ய வேண்டும், பேரிங்குகளுக்கும் சூட்டுக்கும் பாரம் கூடும். கை அரிக்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. விறகு வேண்டியவர்களுக்குத் தேவையில்லை.

சி.சி. கூடினா கிக்பேக் ஆபத்தும் கூடுமா?

கிக்பேக் வருவது பார் நுனியின் மேல் கால்வட்டம் எதிலாவது மோதும்போது. பார் சட்டென்று மேலே, உங்களை நோக்கித் திரும்பும். 30 சி.சி.-யிலும் வரும், ஆனால் வேகமும் சக்தியும் கூடினால் உதையும் பலமாக இருக்கும், பிடித்து நிறுத்த நேரமே இருக்காது. அதனால்தான் இடது கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், தலைக்கு நேர் கோட்டில் பார் இருக்கக் கூடாது, தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது.

செயினைத் தடுக்கும் கால்சட்டை, முகத்திரை வைத்த ஹெல்மெட், பூட்ஸ், காது மூடி எல்லாம் சி.சி. எதுவானாலும் வேண்டும். சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். மிஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் இவற்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள், மிஷின் ஒரு படி சின்னதாகப் போனாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே 45 சி.சி. இருக்கு. 60-க்கு மாறவா, இல்ல இதையே வச்சுக்கவா?

புது செயின் ஒன்று வாங்கிப் போடுங்கள், ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், வழக்கமாக அறுக்கும் கட்டைகளையே அறுங்கள். வெட்டின் நடுவில் ஆர்.பி.எம். விழாமல், அமுக்காமலே தன் எடையில் இறங்கினால் மாற்ற வேண்டாம். கூர்மையான செயினோடும் பாரின் முழு நீளம் மரத்துக்குள் போகும்போதெல்லாம் திணறுகிறது, அதுவும் வேலை நாளில் பெரும்பகுதி அப்படித்தான் என்றால் 60 வாங்குங்கள், 20 இன்ச் பாரோடு.

வாங்கினாலும் 45-ஐ விற்காதீர்கள். கிளை கழிக்க அது வேண்டும். அதைவிட முக்கியமாக, பெரிய மிஷினின் பார் மரத்துக்குள் நெருக்கிச் சிக்கிக்கொண்டால் அதை வெட்டி எடுக்க இன்னொரு மிஷின் கையில் இருக்க வேண்டும்.